டார்கெட்டின் நடுவில் ஓட்டை விழுந்த பிறகு: கொண்டுபோகவும் உழைக்கவும் எதை வாங்கலாம்?

வில்வித்தையில் சேர்ந்து ஆறேழு மாதம் ஆனதும் பலருக்கும் ஒரே கேள்வி வருகிறது. மைதானத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் பயிற்சி. மற்ற நாட்களில் வீட்டுக் கொல்லையிலோ, ஊருக்கு வெளியே தெரிந்தவர் தோப்பிலோ கொஞ்சம் அம்பு விட்டால் கை பழகும். அதற்கு ஒரு டார்கெட் வேண்டும். ஸ்கூட்டரில் கொண்டுபோக முடிய வேண்டும், சீக்கிரம் பிய்ந்துபோகவும் கூடாது. ஃபோம் வாங்கலாமா, வைக்கோல் கட்டு போதுமா, சாக்கில் துணியை அடைத்துக் கொள்ளலாமா?

என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: நடுவில் ஓட்டை விழுந்த பிறகு அதை என்ன செய்வீர்கள்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நாளைக்கு 60 அம்பு, வாரத்துக்கு 5 நாள், ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 15,000 அம்பு. ஓரளவு கை நின்றவருக்கு 10 மீட்டரில் அதில் பெரும்பகுதி 10 செ.மீ. வட்டத்துக்குள் விழும். அந்த வட்டத்தின் பரப்பு 80 சதுர செ.மீ.கூட இல்லை. 60 செ.மீ. சதுர டார்கெட்டின் முகமோ 3,600 சதுர செ.மீ. அதாவது நூற்றில் இரண்டு பங்கு இடம்தான் அத்தனை அடியையும் வாங்குகிறது. மீதி இடம் புதிதாகவே இருக்க, டார்கெட்டையே தூக்கிப் போடுகிறோம். என் அனுபவத்தில் பணம் வீணாகும் இடம் இதுதான். அதனால் கீழே ஒவ்வொரு வகையையும் பார்க்கும்போது, நடுப்பகுதியை மாற்றவோ நகர்த்தவோ வழி இருக்கிறதா என்பதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக மதிப்பு கொடுத்திருக்கிறேன்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

வில் எவ்வளவு பலமாக அடிக்கிறது. கடைக்காரர் டார்கெட்டின் நீள அகலத்தைச் சொல்வார். நீங்கள் உங்கள் அம்பின் ஆற்றலைச் சொல்ல வேண்டும். 20 கிராம் அம்பு நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போனால் 16 ஜூல். தொடக்கநிலை ரிகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) ஏறக்குறைய இந்த அளவில் இருக்கும். அதே அம்பை நொடிக்கு 60 மீட்டரில் விடும் போட்டி ரிகர்வ் 36 ஜூல் தரும். 25 கிராம் அம்பை 85 மீட்டர் வேகத்தில் விடும் காம்பவுண்ட் (நுனிகளில் கப்பி வைத்த வில்) 90 ஜூல். முதலாவதற்கும் கடைசிக்கும் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். இரண்டுக்கும் ஒரே டார்கெட் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைகள் 18 அல்லது 20 பவுண்டு வில்லில் (நாணை இழுக்க வேண்டிய விசை அது) ஆரம்பிப்பார்கள், ஓரிரு ஆண்டில் 28, 34 என்று ஏறுவார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்பட்டதிலிருந்து, ரிகர்விலிருந்து காம்பவுண்டுக்கு மாறலாமா என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. இன்றைய வில்லுக்கு மட்டும் வாங்கினால் அடுத்த வில் வரும்போது டார்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எவ்வளவு தூரம், எவ்வளவு பெரியது. போட்டியில் ரிகர்வுக்கு 70 மீட்டரில் 122 செ.மீ. ஃபேஸ் (டார்கெட்டில் ஒட்டும், வட்டங்கள் போட்ட தாள்), காம்பவுண்டுக்கு 50 மீட்டரில் 80 செ.மீ. ஃபேஸ். வீட்டில் அந்தத் தூரம் கிடைக்காது, அந்த அளவு டார்கெட்டையும் சுமக்க முடியாது. ஆனால் கண்ணுக்கு அதே அளவாகத் தெரிய வேண்டுமென்றால் 18 மீட்டருக்கு 31 செ.மீ. ஃபேஸ் போதும், 10 மீட்டருக்கு 17 செ.மீ. போதும். தூரத்தைக் குறைத்து ஃபேஸையும் சுருக்கிக்கொண்டால் 60 செ.மீ. டார்கெட் தாராளம். ஆனால் டார்கெட்டின் அளவை உங்கள் நல்ல அம்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். அன்றைக்கு விட்டதிலேயே மோசமான அம்பும் அதற்குள் விழ வேண்டும்.

எப்படிக் கொண்டுபோவீர்கள். எடையைவிடப் பருமன்தான் தொல்லை. 4 கிலோ ஃபோம் கனமே இல்லை. ஆனால் 60 செ.மீ. சதுரத்தை ஸ்கூட்டரில் முன்னாலும் வைக்க முடியாது, பின்னால் கட்டினால் காற்றுப் பிடித்து இழுக்கும். மூன்றாவது மாடியில் குடியிருப்பவர்கள் படிக்கட்டையும் நினைத்துப் பாருங்கள்.

எங்கே வைப்பீர்கள். சித்திரை வெயில், ஐப்பசி மழை, கரையான், எலி. இந்த நான்கில் எது உங்கள் வீட்டில் அதிகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அம்பைப் பிடுங்குவது. பத்து வயதுப் பிள்ளை தனியாகப் பிடுங்க முடியாத டார்கெட்டை அந்தப் பிள்ளைக்கு வாங்குவதில் அர்த்தமில்லை. 60 அம்பையும் அப்பா வந்து பிடுங்கித் தர வேண்டுமென்றால் பயிற்சி இரண்டு வாரத்தில் நின்றுவிடும்.

இவை தவிர, நடு தேய்ந்தால் என்ன வழி என்பது.

## அம்பு எப்படி நிற்கிறது

வகைகளுக்குள் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நல்ல டார்கெட் அம்பை முட்டி நிறுத்துவதில்லை, கவ்வி நிறுத்துகிறது. முனை உள்ளே போகப் போக, தண்டின் இரு பக்கமும் உராய்ந்து வேகம் குறைய வேண்டும்.

ஜப்பானின் மரபு வில்வித்தையான கியூடோ வில்லாளிகளின் மகிவாரா இதற்கு அழகான உதாரணம். நெல் வைக்கோலை நீளவாக்கில் உருளையாகச் சேர்த்து, கயிற்றால் இறுகக் கட்டியிருப்பார்கள். தாள்களின் வெட்டுமுனை வில்லாளியைப் பார்த்திருக்கும். ஒரு வில் நீளத் தூரத்தில், ஏறக்குறைய 2 மீட்டரில் நின்று அதில் எய்வார்கள். அம்பு தாள்களைக் கிழிப்பதில்லை. அவற்றை விலக்கிக்கொண்டு இடையில் நுழைகிறது. பிடுங்கியதும் தாள்கள் மீண்டும் கூடிக்கொள்கின்றன.

ஃபோமை, அட்டையை, சாஃப்ட்போர்டை (மெத்தென்ற இழைப் பலகை) அடுக்கி அதன் ஓரத்தில் எய்வதும் இதே தத்துவம்தான். அடுக்கின் ஓரத்தில் எய்தால் அம்பு இரண்டு ஷீட்டுக்கு நடுவே போகும். ஷீட்டின் முகத்தில் எய்தால் ஒவ்வொரு ஷீட்டையும் துளைத்துக்கொண்டு போகும், அந்தத் துளை மூடாது.

தெர்மாகோல் ஏன் உதவாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். மணி மணியாக உடைகிறது, தண்டைக் கவ்வுவதில்லை. பழைய மெத்தைப் பஞ்சும் அப்படித்தான், அம்பு ஊடுருவிப் போய்விடும். இந்த இரண்டிலும் காசையும் அம்பையும் தொலைக்காதீர்கள்.

## பெல்ட் போட்டு இறுக்கிய அடுக்கு ஃபோம்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், என் தேர்வு இதுதான்.

அடர்த்தியான ஈ.வி.ஏ. அல்லது பாலிஎத்திலீன் ஃபோம் ஷீட்டை 60 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத் துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் பிளைவுட் வைத்து, லாரிக்காரர்கள் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட் இரண்டால் இறுக்குவது. 2 செ.மீ. தடிமன் ஷீட் என்றால் 30 துண்டு 60 செ.மீ. உயரம் வரும். இறுக்கினால் அமுங்கும் என்பதால் நான் மூன்று நான்கு துண்டு கூடுதலாகவே வாங்கச் சொல்வேன். மைதானத்தில் இருக்கும் பெரிய ஃபோம் டார்கெட் வேலை செய்வதும் இப்படித்தான், அங்கே பெல்டுக்குப் பதில் மரச்சட்டமும் திருகுக் கம்பியும் இருக்கும்.

கன மீட்டருக்கு 50 கிலோ அடர்த்தியுள்ள ஃபோமானால், 60×60×20 செ.மீ. அளவுக்கு 3.6 கிலோதான் வருகிறது. அடர்த்தி இரண்டு மடங்கானாலும் 7 கிலோவைச் சுற்றித்தான். பெல்டைக் கழற்றினால் துண்டுகள் இரண்டு கட்டாகப் பிரிந்துவிடும். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒன்று, பின்சீட்டில் ஒன்று.

நடு தேய்ந்தால்? பெல்டைத் தளர்த்தி, நடுவில் உள்ள ஆறு துண்டை உருவி மேலே வைத்து, மேலே இருந்த ஆறை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பத்து நிமிட வேலை. அதுவும் தேய்ந்தால் துண்டுகளை முன்பின்னாகத் திருப்பலாம். கடைசியில் ஆறு துண்டு மட்டும் புதிதாக வாங்கலாம். முழு டார்கெட்டை ஒருபோதும் வாங்க வேண்டியதில்லை. இந்த ஒரு வசதிக்காகவே மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. வேகமான அம்பு ஃபோமுக்குள் நுழையும்போது உராய்வில் சூடாகிறது. ஃபோம் மெல்ல உருகித் தண்டில் ஒட்டிக்கொள்கிறது. வெயிலில் காய்ந்த ஃபோமில் பிடுங்குவது இன்னும் சிரமம். கார்பன் அம்பில் முனையைச் சூட்டில் இளகும் பசையால் ஒட்டியிருப்பார்கள். சூடு ஏறினால் பசை இளகி, நீங்கள் இழுக்கும்போது தண்டு மட்டும் கையோடு வரும், முனை உள்ளேயே தங்கிவிடும். அடுத்த அம்பு அதன்மேல் பட்டால் உடையும். இதற்குப் பழைய கைமருந்து ஒன்று உண்டு: காய்ந்த குளியல் சோப்பைத் தண்டின் முன்பகுதியில் லேசாகத் தேய்த்துவிடுவது. அம்பைப் பிடுங்க ரப்பர் பிடி ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குறை, லேசாக இருப்பதே. ஆடிக் காற்றில் 4 கிலோ ஃபோம் நிற்காது. அம்பு தைத்திருக்கும்போது முன்பக்கம் குப்புற விழுந்தால் மூன்று நான்கு அம்பு ஒரே நேரத்தில் போய்விடும். நான் வெறும் சாக்கு ஒன்றை மடித்து எடுத்துப் போவேன். போன இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டு ஸ்டாண்டின் காலில் கட்டினால் சரி.

மூன்றாவது, வெயில். மாதக்கணக்கில் வெயிலில் விட்ட ஃபோம் மேல்பக்கம் பொடியாக உதிரத் தொடங்கும். மழை இதை ஒன்றும் செய்யாது, வெயில் செய்யும். தார்ப்பாய் போட்டு மூடினால் போதும்.

ஆழம் விஷயத்தில் என் கணக்கு: 25 பவுண்டு வரை 15 செ.மீ. ஆழம், அதற்கு மேல் 20 செ.மீ. காம்பவுண்ட் என்றால் 25 செ.மீ.க்குக் குறைவாக வேண்டாம், அடர்த்தியும் கூட இருக்க வேண்டும். மெல்லிய 4 மி.மீ. கார்பன் அம்பு விடுபவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், அவை ஆழமாகப் போகும். உள்ளரங்கத்துக்கு 9.3 மி.மீ. வரை தடித்த அம்பு விடுபவர்களுக்கு ஆழம் பிரச்சினையில்லை. ஆனால் ஓட்டை பெரிதாகும், பிடுங்கவும் பலம் வேண்டும்.

## கைப்பிடி வைத்த ஃபோம் பிளாக்

இணையக் கடைகளில் கனசதுரமாக, மேலே கைப்பிடியோடு வருவது. காரில் போட்டுக்கொண்டு போய் இறக்கி வைத்தால் வேலை முடிந்தது. ஸ்டாண்டுகூட வேண்டாம். வசதியில் இதை அடிக்க ஒன்றுமில்லை.

ஆனால் வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள். நான்கு அல்லது ஆறு பக்கமும் எய்யலாம் என்று எழுதியிருந்தால், உள்ளே அடுக்கு எந்தத் திசையில் போகிறது என்று கேளுங்கள். அடுக்கின் ஓரம் தெரியும் பக்கங்களில் எய்தால் உழைக்கும். ஷீட்டின் முகம் தெரியும் பக்கங்களில் எய்தால் சீக்கிரம் பிய்யும். அப்புறம், எல்லாவற்றையும் ஒட்டி உருக்கிச் சேர்த்த பிளாக்கில் நடுவை மாற்ற வழியே இல்லை. பக்கத்தைத் திருப்பிப் போடலாம், அவ்வளவுதான். எல்லாப் பக்கமும் தேய்ந்தால் குப்பைக்குத்தான் போகும். நடுவில் தனியாகக் கழற்றி மாற்றும் துண்டு உள்ளவை கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

தரையில் வைத்து எய்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது. போட்டியில் டார்கெட்டின் நடு தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் இருக்கும். பிளாக்கைத் தரையில் வைத்தால் அதன் நடு 30 செ.மீ.யில் இருக்கும். அம்பு உங்கள் கையில் ஏறக்குறைய 140 செ.மீ. உயரத்தில். 5 மீட்டரில் நின்றால் 12 டிகிரி கீழே பார்த்து எய்கிறீர்கள். இடுப்பிலிருந்து சாயாமல் கையை மட்டும் தாழ்த்தினால் தோள் நிலை கெட்டுவிடும். மாதக்கணக்கில் இப்படிப் பழகிய பிள்ளையை மைதானத்தில் திருத்துவது பயிற்சியாளருக்குப் பெரும் பாடு. ஒரு பழைய மேசைமேலாவது ஏற்றி வையுங்கள்.

## சாக்கு அல்லது பை டார்கெட்

குறைந்த செலவில் நிறைவான டார்கெட் எது என்றால் இதைத்தான் சொல்வேன். கடையிலும் கிடைக்கிறது, ஆனால் வீட்டில் செய்வதே மேல்.

வெள்ளைப் பிளாஸ்டிக் இழைச் சாக்கு ஒன்று, அதற்குள் இன்னொன்று. உள்ளே நிரப்புவதுதான் சூட்சுமம். பார்சல் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் கிலோக்கணக்கில் கடைகளில் தூக்கிப் போடுவார்கள். அதை நடுவில் வைத்து, பழைய பருத்திப் புடவை, டி ஷர்ட்டை ஓரத்தில் அடையுங்கள். பித்தான், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒரு ஜிப்பில் முனை பட்டால் அம்பு வளையும். மேலே ஏறி மிதித்து மிதித்து அடைத்து, கோணி ஊசியும் சணலும் கொண்டு வாயைத் தைத்துவிடுங்கள். மரத்தூள் போடாதீர்கள், எல்லாம் அடிக்கு இறங்கிவிடும். மண், மணல் கூடவே கூடாது.

இரண்டு விரலால் பிடுங்கலாம் என்பதே இதன் பெரிய பலம். பிள்ளைகளுக்கும், தோள்வலி உள்ளவர்களுக்கும், மூங்கில் வில்லில் மர அம்பு விடுபவர்களுக்கும் இதுதான் ஏற்றது. மர அம்பை ஃபோமிலிருந்து முறுக்கி இழுத்தால் முனை கழன்றுவிடும், சில நேரம் தண்டே விரியும். சாக்கில் அந்தக் கவலை இல்லை.

நடு தேய்வதில்லை என்றே சொல்லலாம், ஏனென்றால் உள்ளே இருப்பது நகர்ந்துகொண்டே இருக்கிறது. தேய்வது வெளிச்சாக்கு. அதை மாற்றிப் புதிதாக ஒன்றைப் போர்த்தித் தைத்தால் டார்கெட் புதிது.

தொந்தரவு வேறு இடத்தில் இருக்கிறது. நாளாக ஆக உள்ளே இருப்பது கீழே இறங்கி, மேல்பாதி காலியாகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு நாள் மேலே பட்ட அம்பு பின்னால் வந்து சுவரில் மோதும். எனக்கு அப்படித்தான் முதல் கார்பன் அம்பு போனது. அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை கையால் அழுத்திப் பார்க்காமல் எய்வதில்லை. மாதம் ஒரு முறை படுக்கப் போட்டு உருட்டி அடித்தால் ஓரளவு சமமாகும், கொஞ்சம் துணி சேர்த்து அடைத்தால் நல்லது.

துணி அடைத்த சாக்கு 15, 20 கிலோ வந்துவிடும். பிளாஸ்டிக் படலம் மட்டும் என்றால் அதில் பாதிகூட வராது, ஆனால் அடி தாங்குவதும் குறையும். மழையில் நனைந்தால் துணி தண்ணீரைக் குடித்து இரண்டாள் தூக்கும் எடை ஆகிவிடும், காயவும் நாளாகும், நாற்றமும் எடுக்கும். 35 பவுண்டு வரை நான் தாராளமாகச் சொல்வேன். காம்பவுண்டுக்கு வீட்டுச் சாக்கை நம்ப வேண்டாம்.

## வைக்கோல் கட்டு

டெல்டா பக்கம் இருப்பவர்களுக்குத் தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் இயந்திரம் சுற்றிப் போட்ட வைக்கோல் கட்டுகள் வயலிலேயே கிடைக்கும். பார்த்தாலே எய்யத் தோன்றும். உருளைக் கட்டானால் வளைந்த பக்கத்தில் எய்யாதீர்கள், தட்டையான முகத்தில் எய்யுங்கள். சுற்றுகளுக்கு இடையில் அம்பு நுழைவதால் கவ்வும். வந்தபடியே எய்தால் இறுக்கம் போதாது. இரண்டு பெல்ட் போட்டு இறுக்கினால்தான் டார்கெட் ஆகும்.

வைக்கோலுக்கு ஒரு குணம் இருக்கிறது. அதிகம் காய்ந்தால் தாள் நொறுங்கி அம்பு ஊடுருவும். எய்வதற்கு முந்தின நாள் மாலை லேசாகத் தண்ணீர் தெளித்தால் தாள் வளைந்து கொடுத்து நன்றாகக் கவ்வும். அதிகம் நனைந்தால் அழுகும். ஐப்பசி மழைக்கு முன்னால் மேட்டில் ஏற்றி மூடாவிட்டால் கார்த்திகையில் அதில் காளான் முளைத்திருக்கும். செங்கல்மேல் வைத்தால் கரையான் கொஞ்சம் தள்ளிப்போகும். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரலாம். காலையில் கட்டை நகர்த்தும் முன் கம்பால் தட்டிப் பாருங்கள். பக்கத்தில் மாடு கட்டியிருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோகும் டார்கெட் என்று இதைச் சொல்ல முடியாது. தோப்பிலோ வயலிலோ ஒரே இடத்தில் எய்பவர், டார்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு வில்லோடு மட்டும் போய்வரலாம். சுமக்கவே தேவையில்லாத டார்கெட் என்று பார்த்தால் இதுவும் ஒரு வழிதான். பெல்ட் உங்களுடையது, வைக்கோல் ஆண்டுக்கு ஒரு முறை புதிது.

## அட்டை அடுக்கு, 3டி பொம்மை

மளிகைக்கடை அட்டைப்பெட்டிகளை 60×20 செ.மீ. துண்டுகளாக வெட்டி அடுக்கி, ஃபோம் போலவே பெல்டால் இறுக்குவது. ஒரு துண்டு மூன்றரை மி.மீ. என்றால் 170 துண்டுக்கு மேல் வேண்டும், இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை போகும். காசு செலவில்லை, நடுவை மாற்றவும் முடியும். 25 பவுண்டுக்குள் இருப்பவர்களுக்கு முதல் ஆறு மாதம் இது போதும். கனம் அதிகம், ஈரம் பட்டால் முடிந்தது, கரையானுக்கு விருந்து. கரும்புச் சக்கை அல்லது மர இழையில் செய்த சாஃப்ட்போர்டை இப்படியே அடுக்கி எய்வதும் உண்டு. நிறைய உழைக்கும், ஆனால் ஒரே இடத்தில் நிற்கும் டார்கெட்டுக்குத்தான் அது சரி. தோளில் தூக்க முடியாது.

மான், பன்றி வடிவ 3டி டார்கெட்டை நம் ஊரில் பயிற்சிக்கு வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வேட்டை அம்பின் அகன்ற முனையையும் தாங்கும் என்று விளம்பரம் செய்வார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம், அந்த முனையோடு நமக்கு வேலையே இல்லை. தேவையில்லாத தாங்குதிறனுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? 3டி போட்டிகளுக்குத் தயாராகும் சிலருக்கு மட்டும் அது வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வகை | சுமப்பது | எந்த வில் வரை | மழை, வெயில் | பிடுங்குவது | நடு தேய்ந்தால் | தொடக்கச் செலவு |
|---|---|---|---|---|---|---|
| அடுக்கு ஃபோம் | லேசு, பிரித்துக் கட்டலாம் | ஆழம் கூட்டினால் காம்பவுண்டும் | மழைக்குப் பயமில்லை, வெயில் ஆகாது | சிரமம் | துண்டை மாற்றலாம் | நடுத்தரம் |
| ஃபோம் பிளாக் | காருக்கு வசதி | பிளாக்கைப் பொறுத்தது | அதே | நடுத்தரம் | பக்கத்தைத் திருப்பலாம் | அதிகம் |
| சாக்கு | துணியானால் கனம் | சுமார் 35 பவுண்டு | மழை ஆகாது | மிகச் சுலபம் | மேல்சாக்கை மாற்றலாம் | மிகக் குறைவு |
| வைக்கோல் | அங்கேயே விட வேண்டும் | இறுக்கத்தைப் பொறுத்தது | இரண்டும் ஆகாது | சுலபம் | இறுக்கலாம், ஆண்டுக்கொரு புதுக் கட்டு | குறைவு |
| அட்டை அடுக்கு | கனம் | 25 பவுண்டு | மழை ஆகவே ஆகாது | சிரமம் | துண்டை மாற்றலாம் | பெல்ட் விலை மட்டும் |

## விலைச்சீட்டில் வராத செலவுகள்

கூரியர் கட்டணம் பலரையும் திகைக்க வைக்கிறது. பல நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதை எடையாக எடுத்துக்கொள்ளும். 60×60×20 ஃபோம் உண்மையில் 3.6 கிலோ. இந்தக் கணக்கில் 14.4 கிலோ. அதனால் பக்கத்து ஊரில் பேக்கிங் சாமான் விற்கும் கடையிலோ, செருப்புக்கு ஷீட் விற்கும் கடையிலோ அடர்த்தியான ஷீட் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

ஸ்டாண்டுக்குத் தனியாகக் காசு போகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்று சவுக்குக் கம்பை மேலே சேர்த்துக் கட்டி முக்காலி செய்தால் போதும், மடக்கித் தோளில் போடலாம். டார்கெட் பின்னோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்ந்திருக்கட்டும்.

பெரிய செலவு பாதுகாப்புக்கு. இதில் மட்டும் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். 30 பவுண்டு வில்லின் அம்பு கை தவறி மேலே போனால் நூறு மீட்டரைத் தாண்டும். மொட்டை மாடியில் டார்கெட் வைத்துக் கைப்பிடிச்சுவருக்கு மேலே வானத்தைப் பார்த்து எய்பவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. டார்கெட்டுக்குப் பின்னால் ஆள் நடமாட்டமே இல்லாத வெளியோ, டார்கெட்டைவிட உயரமும் அகலமும் கூடிய சுவரோ, மண்மேடோ இருக்க வேண்டும். அம்பு தடுப்பு வலை நல்ல துணை. அதைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும், இழுத்துக் கட்டினால் அம்பு துளைத்துவிடும். வலைக்கும் டார்கெட்டுக்கும் சேர்த்துக் காசு இல்லையென்றால், ஃபோமுக்குப் பதில் சாக்கு டார்கெட் செய்து மிச்சக் காசில் வலை வாங்குங்கள்.

பிடுங்கும்போது ஒரு கையை டார்கெட்டில் அம்பை ஒட்டி ஊன்றி, மறுகையால் தண்டை டார்கெட்டின் முகத்துக்கு அருகில் பிடித்து நேராக இழுக்க வேண்டும். பின்னால் யாரும் நிற்கக் கூடாது. திடீரென்று உருவி வரும் அம்பின் பின்முனை கண்ணில் குத்தும். இறுக்கமான ஃபோமில்தான் இது அதிகம் நடக்கும் என்பதால், பிள்ளைகளுக்கு ஃபோம் வாங்குபவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

## யாருக்கு எது

பன்னிரண்டு வயதுக்குள், 20 பவுண்டுக்குள், வீட்டுக் கொல்லையில் 5 முதல் 10 மீட்டர்: சாக்கு டார்கெட். வேறு யோசனையே வேண்டாம். மழைக்காலத்தில் வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

25 முதல் 40 பவுண்டு ரிகர்வ், ஸ்கூட்டரில் வெவ்வேறு இடங்களுக்குப் போய்ப் பயிற்சி செய்பவர்: அடுக்கு ஃபோம். வில் மாறினாலும் நாலு துண்டை வாங்கிச் சேர்த்து, அகலமாக வெட்டிய துண்டால் ஆழத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

காம்பவுண்ட் வைத்திருந்து, கார் இருந்து, செலவும் செய்ய முடிந்தவர்: நடுத்துண்டு மாற்றக்கூடிய நல்ல பிளாக். நடு மாற்ற முடியாத பிளாக்கைவிட 25 செ.மீ. ஆழ அடுக்கு ஃபோமே மேல்.

சொந்த நிலத்திலோ தோப்பிலோ நிலையாக எய்பவர்: வைக்கோல் கட்டு, பெல்டோடு, கூரையோடு.

அடுத்த மாதம் வரை காசு புரளாது, ஆனால் இன்றைக்கே எய்ய வேண்டும் என்பவர்: அட்டை அடுக்கு.

எதை வாங்கினாலும் முதல் நாளே ஃபேஸை நடுவில் ஒட்டாதீர்கள். முகத்தை நான்கு கட்டமாகப் பிரித்து, முதல் மாதம் இடது மேல் கட்டம், அடுத்த மாதம் வலது மேல் என்று நகர்த்துங்கள். புதிதாகக் கற்பவர்கள் மட்டும், அம்பு வெளியே போகாத அளவு கை நின்ற பிறகு இதை ஆரம்பியுங்கள். எந்தக் கட்டத்தில் எந்தத் தேதியில் தொடங்கினீர்கள் என்று டார்கெட்டின் பின்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்துக்கொண்டால் கணக்கு தவறாது.